சேர்வராயன் மலைப் பாறை ஓவியத்துக்கு கார்பன் டெஸ்ட் எடுத்து வயது சொல்ல முடியுமா?

ஏற்காட்டு அடிவாரப் பாறை ஒதுக்கு, செஞ்சாந்து ஓவியம், அதன்மேல் புகைக்கரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிவப்புக்கு கார்பன் டெஸ்ட் எடுபடாது. செங்காவி இரும்பு ஆக்சைடு; அதில் கார்பனே கிடையாது. காவியைக் குழைத்த பிசினோ கொழுப்போ மிஞ்சியிருந்தால்தான் வழி. மழையும் வெயிலும் படும் ஒதுக்கில் அது அநேகமாக மிஞ்சாது.

மேலே படிந்த கரியைக் கொடுத்தால் லேபில் ஒரு எண் வரும். ஆனால் அது யாரோ அங்கே மூட்டிய தீயின் வயது. ஓவியம் அதைவிடப் பழையது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

கரியாலேயே வரைந்த கோடு என்றால் நிலைமை வேறு. கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். முறைக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். முதலில் அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்குவார்கள், அடுத்து காரத்தில் மண்ணில் மக்கிய தாவரத்திலிருந்து வரும் ஹ்யூமிக் அமிலத்தை, மறுபடி அமிலம். இதில் அசட்டை கூடவே கூடாது. காலப்போக்கில் சிதைந்து குறைவதால் வயதைக் கணக்கிட உதவும் கார்பன்-14 துளியும் மிஞ்சாத மிகப் பழைய மாதிரியில் இன்றைய கார்பன் 1 சதவீதம் கலந்தாலே வயது சுமார் 37,000 ஆண்டு என்று காட்டும். பாறைப்பாசி ஒட்டியிருந்தாலே இந்தக் கலப்படம் நடந்துவிடும். எதிர்ப்பக்கமும் சறுக்கும்: கரி தருவது மரத்தில் அந்தக் கட்டையின் வளர்ச்சி வளையம் உருவான காலத்தை, வரைந்த நாளை அல்ல. வயதான மரத்தின் வைரக்கட்டை என்றால் நூற்றாண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

யுரேனியம் சிதைந்து தோரியமாவதை வைத்துக் கணக்கிடும் யுரேனியம்-தோரியம் முறையில் ஓவியத்தின்மேல் படிந்த கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) படலத்தை அளக்கிறார்கள். இந்தோனேசியாவின் சுலவேசியில் 2024-இல் அறிவித்த 51,200 ஆண்டு அப்படி வந்ததுதான்; அதுவும் குறைந்தபட்ச வயதுதான். அங்கே சுண்ணாம்புக்கல் குகை. நம் சேர்வராயன் கிரானைட் போன்ற கடினமான சார்னோகைட் பாறை. வழியும் நீர் அளக்கத்தக்க கால்சைட்டை விட்டுச்செல்வது அரிது. பாறைமேல் படியும் உப்பான கால்சியம் ஆக்சலேட் படலம் இருந்தால் அதிலுள்ள கார்பனை அளக்கலாம்.

என் பார்வையில் இங்கே நம்பத்தக்கது தரைதான். ஓவியத்தோடு உதிர்ந்த சில்லு மண்ணடுக்கில் புதைந்து கிடந்தால், அதற்கு மேலடுக்கின் கரி குறைந்தபட்ச வயதைத் தரும். ஆனால் அந்த இணைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் 2022-இல் அறிவித்த கி.மு. 2172 அகழாய்வுக் குழியின் காலம். அதைப் பாறைச்சுவர் ஓவியத்துக்கு ஒட்டவைக்க முடியாது.

எதையும் சுரண்டாதீர்கள். கோடு பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீரும் தெளிக்காதீர்கள். கரைந்த உப்பு காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து ஓவியத்தை மறைக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.