ஜூனின்யோவுக்கு ஃப்ரீகிக் மட்டும்தான் தெரியுமா? கேள்விகளும் பதில்களும்

பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் ஜூனின்யோ பெர்னம்புகானோவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், முக்கால்வாசிப் பேர் ஃப்ரீகிக்கை (எதிரணி தவறு செய்தால் பந்தை நிறுத்திவைத்து அடிக்கும் உதை) பற்றியே கேட்டிருக்கிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்கு இந்த ஆளைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. வெளிநாடு போன பிரேசில்காரர்களில் பலர் இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டிருந்த காலத்தில், இவர் அதுவரை லீக்கே ஜெயிக்காத லியோன் என்ற பிரான்ஸ் க்ளப்புக்குப் போய் எட்டு சீசன் உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி: அண்ணா, நான் 2005ல பிறந்தவன். இவர் யாருன்னு முதல்ல சொல்லுங்க. பேருக்குப் பின்னாடி அந்த நீளமான வால் எதுக்கு?

பதில்: 1975 ஜனவரி 30, பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ரெசிஃபே நகரத்தில் பிறந்தவர், தம்பி. அந்த ஊர் பெர்னம்புகோ மாநிலத்தின் தலைநகர். வாஸ்கோ ட காமா என்ற பிரேசில் க்ளப்பில் இவரோடு இன்னொரு ஜூனின்யோ ஆடினார், சாவ் பாவ்லோ மாநிலத்துக்காரர், இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவுக்கு ஆடியவர். இரண்டு பேருக்கும் மாநிலத்தின் பெயரை ஒட்டவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஊர் க்ளப்பான ஸ்போர்ட் ரெசிஃபேயில் தொடங்கி, 1995ல் ரியோவின் வாஸ்கோவுக்கு வந்தார். 1998 வாஸ்கோவின் நூற்றாண்டு. அந்த வருஷம் தென் அமெரிக்க க்ளப்களுக்கான லிபர்தடோரஸ் கோப்பை அரையிறுதியில், ப்யூனோஸ் ஐரெஸில் ரிவர் ப்ளேட்டின் மைதானத்தில், ஆட்டம் முடியும் நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீகிக் போட்டார். 1-1. முதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்ததால் வாஸ்கோ ஃபைனலுக்குப் போய்க் கோப்பையையும் எடுத்தது. வாஸ்கோ ரசிகர்கள் அந்த கோலை வைத்து இன்றைக்கும் பாடுகிறார்கள்.

கேள்வி: ஒரே நாளில் இரண்டு நாட்டில் இரண்டு மேட்ச் ஆடினார் என்கிறார்களே, கதையா?

பதில்: நிஜம். 1999 செப்டம்பர் 7. போர்ட்டோ அலெக்ரேயில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பிரேசிலுக்கு ஆடிவிட்டு, விமானம் ஏறி உருகுவேயின் மொந்தேவிதேயோவுக்குப் போய், அந்த ஊர் க்ளப்பான நசியோனாலுக்கு எதிராக வாஸ்கோவுக்கு இறங்கினார். அன்றைய பிரேசில் கால்பந்து அட்டவணையின் லட்சணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் ரியல் மாட்ரிட், மிலான் மாதிரி இடத்துக்குப் போகாமல் லியோனுக்குப் போனார்?

பதில்: போகும்போதே அவருக்கு 26 வயது. பிரேசிலிலிருந்து 18, 19 வயதுப் பையன்களை அள்ளிக்கொண்டு போகும் சந்தையில் அது கொஞ்சம் முற்றிய வயசு. அதோடு வாஸ்கோ நிர்வாகத்தோடு தகராறு, ஒப்பந்தத்திலிருந்து விடுபட கோர்ட் வரை போனார். அதுவரை பிரேசிலில் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் மீதான உரிமை க்ளப்பிடமே இருக்கும். பெலே விளையாட்டு அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த சட்டம் அந்த முறையை 2001ல்தான் முழுசாக ஒழித்தது. ஜூனின்யோ கிளம்பியதும் அதே வருஷம்.

லியோன் பக்கமும் பாருங்கள். க்ளப் தலைவர் ஜான்-மிஷெல் ஒலாஸ் பணத்தை அள்ளி வீசும் ரகமில்லை, கணக்குப் பார்ப்பவர். சோனி ஆண்டர்சன், எட்மில்சன், கசாப்பா என்று அங்கே ஏற்கெனவே பிரேசில்காரர்கள் இருந்தார்கள். மொழி தெரியாத குளிர் ஊரில் இறங்கும் ஒருவனுக்கு டிரஸ்ஸிங் ரூமில் தன் பாஷை காதில் விழுவது சம்பளத்துக்கு அடுத்தபடி முக்கியம். நிறைய நல்ல ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் தோற்றுத் திரும்பியது காலால் அல்ல, தனிமையால்.

கேள்வி: லியோன் தொடர்ந்து ஏழு தடவை ஜெயித்தது இவரால்தான் என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

பதில்: ஒரு ஆளால் ஏழு லீக் வராது சார். ஆனால் 2002 முதல் 2008 வரை, சாந்தினி, லெ குவென், ஊலியே, பெரான் என்று நான்கு பயிற்சியாளர்கள் மாறினார்கள். எசியன், டியாரா, மலூடா, பென்சமா என்று பெரிய பெயர்களெல்லாம் வந்து, வளர்ந்து, விலைபோனார்கள். ஏழு பட்டத்திலும் நடுவே மாறாமல் இருந்தது இவர். 344 ஆட்டம், 100 கோல். ஸ்ட்ரைக்கர் அல்ல, மிட்ஃபீல்டர் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் பட்டம் வந்த விதம் அருமை. 2002 மே மாதம், கடைசி நாள். பட்டியலில் முதலிடத்தில் இருந்த லான்ஸ் அணியே லியோனின் ஜெர்லான் மைதானத்துக்கு வந்தது. லான்ஸுக்கு ட்ரா போதும், லியோன் ஜெயித்தே ஆக வேண்டும். 3-1. அந்த க்ளப்பின் முதல் லீக் பட்டம் அது.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஐரோப்பிய க்ளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கைச் சொல்லலாம். 2004ல் போர்ட்டோ, 2005ல் பெனால்டியில் பிஎஸ்வி, 2006ல் கடைசி நிமிஷங்களில் மிலான். மூன்று வருஷமும் காலிறுதியோடு சரி. இவர் போன அடுத்த வருஷம், 2010ல், லியோன் அரையிறுதிக்குப் போனது. எரிச்சலாகத்தான் இருக்கும்!

கேள்வி: சரி, அந்த ஃப்ரீகிக். பெக்கம் அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பெக்கம் பந்தைச் சுழற்றுவார். சுழலும் பந்து ஒரே பக்கமாக வளையும், நல்ல கோல்கீப்பர் அதைக் கணித்துவிடலாம். ஜூனின்யோ பல நேரம் சுழலே இல்லாமல் அடித்தார். சுழலாத பந்தின் பின்னால் காற்று பிரியும் இடம் நிலையாக இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து இப்படியும் அப்படியும் ஆடும். அடித்தவருக்கே அது எந்தப் பக்கம் ஆடும் என்று துல்லியமாகத் தெரியாது.

இன்னொன்று, வேகம். பந்து அதிவேகமாகப் போகும்போது காற்றின் தடை குறைவாக இருக்கும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே வந்ததும் தடை சட்டென்று கூடும். எதிரணிக்காரர்கள் வரிசையாக நிற்கும் சுவருக்கு மேலே மேகத்துக்குப் போவதுபோல் தெரிந்த பந்து கோல்கீப்பர் முன்னால் பொத்தென்று இறங்குவதற்கு இது ஒரு காரணம். முப்பது, முப்பத்தைந்து மீட்டரிலிருந்து அடிக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். பதினெட்டு மீட்டரில் பந்துக்கு ஆட நேரமே இருக்காது.

பிரேசிலில் இது புதுசு இல்லை. ஐம்பதுகளிலேயே டிடி என்ற பிரேசில் ஆட்டக்காரர் காய்ந்த இலை விழுவதுபோல் இறங்கும் ஃப்ரீகிக் அடித்தார். ஜூனின்யோ அதைத் தினசரி வேலையாக்கினார். லியோனுக்காக மட்டும் 44 ஃப்ரீகிக் கோல். அங்கே அவர் போட்ட நூறில் கிட்டத்தட்ட பாதி!

இத்தாலி ஆட்டக்காரர் பிர்லோ இதைப் புரிந்துகொள்ள இவருடைய வீடியோக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். பாதம் முழுக்கப் படாமல் மூன்று விரல் மட்டும் பந்தின் அடியில் பட வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்தது.

கேள்வி: இரண்டே இரண்டு கோல் பார்க்கச் சொன்னால் எவை?

பதில்: 2003 நவம்பர், ம்யூனிக், பயர்ன் அணிக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷம்தான். பயர்னின் ஆலிவர் கான் அப்போது உலகின் முதல்தரக் கீப்பர். பாய்ந்து போய்க் கம்பத்தில் மோதிக்கொண்டார், பந்து உள்ளே. லியோன் 2-1.

அடுத்தது 2009 பிப்ரவரி, ஜெர்லானில் பார்சலோனா. இடது எல்லைக்கோட்டை ஒட்டிய இடம். அங்கிருந்து யாராக இருந்தாலும் க்ராஸ்தான் (கோல் முன்னால் நிற்கும் தன் ஆளுக்குப் பந்து) போடுவார்கள் என்று பார்சலோனா கீப்பர் வால்டேஸும் ஓரடி முன்னே வந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய்த் தூரத்துக் கம்பத்தின் ஓரம் இறங்கியது. இப்படி ஓரத்திலிருந்து அடிப்பதில் ஒரு தந்திரம் உண்டு. யாராவது தொட்டாலும் கோல், யாரும் தொடாவிட்டாலும் கோல். கீப்பர் எதற்குத் தயாராவது?

கேள்வி: பிரேசில் அணியில் ஏன் சோபிக்கவில்லை?

பதில்: 40 ஆட்டம். இடம் கிடைப்பதே பாடு. 2002 உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளர் ஸ்கொலாரி எடுக்கவில்லை. 2006ல் டோர்ட்மண்டில் ஜப்பானுக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு கோல். காலிறுதியில் ஃப்ரான்ஸிடம் தோற்றதும், புதியவர்களுக்கு வழிவிடுகிறேன் என்று நாட்டு அணியிலிருந்து விலகிவிட்டார். கக்கா, ரொனால்டின்யோ, ரொனால்டோ என்று முன்னால் நிறைந்திருந்த அணியில் நடுவில் உழைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது, ஃப்ரீகிக் அடிக்கவும் அங்கே வரிசை நின்றது.

கேள்வி: கடைசியில் பணத்துக்காகக் கத்தார் போனவர்தானே?

பதில்: போனார், 34 வயதில். அதில் என்ன தப்பு? அல்-கராஃபாவுக்கு லீக்கும் ஜெயித்துக் கொடுத்தார். அடுத்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011ல் வாஸ்கோவுக்குத் திரும்பியபோது வாங்கச் சம்மதித்த மாதச் சம்பளம் பிரேசில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. ஆட்டத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை தனி. முதல் ஆட்டம் கொரிந்தியன்ஸுடன். இரண்டாவது நிமிஷத்தில் ஒரு ஃப்ரீகிக், கோல். ஆட்டம் தோற்றது வேறு விஷயம். நடுவில் நியூயார்க் ரெட் புல்ஸ் போய் ஒத்துவராமல் பாதியில் திரும்பினார். 2014 தொடக்கத்தில் ஓய்வு.

கேள்வி: லியோனில் நிர்வாகியாக வந்து சொதப்பினாரே?

பதில்: 2019ல் விளையாட்டு இயக்குநராக வந்தார். தலைமைப் பயிற்சியாளராக அனுபவமே இல்லாத சில்வின்யோவைக் கொண்டுவந்தது தவறு, சில மாதத்திலேயே அவரை நீக்க வேண்டி வந்தது. ஆனால் ப்ரூனோ கிமரைஸையும் பக்கெட்டாவையும் லியோனுக்குக் கொண்டுவந்ததும் இதே ஆள்தான். இரண்டு பேரும் பிறகு இங்கிலாந்துக்கு நல்ல விலைக்குப் போனார்கள். 2021 கடைசியில் பதவியை விட்டார். பாதிக்குப் பாதி என்று மார்க் போடுவேன்.

கேள்வி: நம்ம சென்னையில் ஆடிய எலானோவை இவரோடு ஒப்பிடலாமா?

பதில்: ஆசை புரிகிறது! 2014ல் சென்னையின் எஃப்சிக்காக 8 கோல் போட்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசனின் அதிக கோல் விருதை வாங்கினார் எலானோ. அதில் ஃப்ரீகிக்கும் உண்டு. ஆனால் அவர் அழகாக வளைத்து அடிக்கும் ரகம், இது வேறு பள்ளிக்கூடம்.

கேள்வி: பையனுக்கு 12 வயசு. வீடியோ பார்த்துவிட்டு தினமும் இதே மாதிரி அடிக்கிறான். முழங்கால் வலிக்கிறது என்கிறான். என்ன செய்ய?

பதில்: முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் முழங்கால் விஷயத்தில் விளையாட்டு கூடாது. வலி போனபின், கோச்சைக் கேட்டுக்கொண்டு, அவன் வயசுக்கான சின்னப் பந்தில் பதினைந்து மீட்டரிலிருந்து, பந்தின் நடுவில் சுத்தமாகப் படும்படி மெதுவாக அடித்துப் பழகட்டும். பந்து சுழலாமல் போகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பலம் பதினாறு, பதினேழு வயதில் தானாக வரும்.