டிரெஸ்ஸிங் பார்க்கும்போது மயக்கம்: தசையை இறுக்குங்கள்
சர்ஜரி வார்டில் டிரெஸ்ஸிங் (புண்ணுக்குப் போடும் கட்டு) மாற்றும்போது கண் இருட்டி, காது அடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வருவது இது. மனத்திடத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, தங்கச்சி.

வியர்வை, கொட்டாவி, குமட்டல் தொடங்கியதுமே தொடை, பிட்டம், வயிறு, கைத்தசைகளை 10–15 விநாடி, முகம் சூடாகும் வரை இறுக்குங்கள். பிறகு 20–30 விநாடி தளர்த்துங்கள். இப்படி ஐந்து முறை. மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். முழங்காலை விறைத்து அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். பாதத்தை அசைத்துக்கொண்டே நில்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போகவே கூடாது.

அடங்கவில்லையா? சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஸ்டெரைல் டிரேயை (கிருமி நீக்கிய கருவிகள் இருக்கும் தட்டை) விட்டு விலகி, அங்கேயே தரையில் உட்காருங்கள். வெளியே போக நடந்தால்தான் விழுந்து தலையில் அடிபடும். ரத்தம் பார்க்காமலே, ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம் வந்தால் டாக்டரிடம் காட்டி ஈசிஜி எடுங்கள்.