பிரிக்காத மக்ரூன் டப்பா

கேள்வி: நாங்கள் சான் டியாகோவில் இருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன்பு, மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஓர் ஆக்டோபஸ் வாங்கிக் கொடுத்தோம். கலிஃபோர்னியாக் கடலில் பிடித்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீல வளையம் இருக்கும். குட்டிமணி என்று பெயர் வைத்தான். தினமும் அவன்தான் நண்டு போடுவான். அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். நூலகத்தில் இருக்கும் ஆக்டோபஸ் புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டான்.

மூன்று வாரமாக அது எதையும் தின்னவில்லை. கற்குகைக்குள் கொத்துக் கொத்தாக முட்டை. ஆண் துணை இல்லாமல் எப்படி? விற்றவரைக் கேட்டால், “முட்டை போட்டால் அவ்வளவுதான்” என்கிறார். முட்டையை எடுத்துவிட்டால் பிழைக்குமா? நினைத்தாலே அழுகை வருகிறது. மகன் பார்க்க வேண்டாம் என்று தொட்டிமேல் போர்வை போட்டு வைத்திருக்கிறேன். அதே அளவில் இன்னொன்றை வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம் என்கிறார் கணவர்.

அவனுக்கு ரொம்ப மென்மையான மனசு. ஆறு மாதத்துக்கு முன் தூத்துக்குடியில் என் அப்பா தவறியபோதும் அவனிடம் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுப் போய், பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்தேன். தாத்தாவின் போன் ரிப்பேர் என்றோம். அவனும் கேட்பதை விட்டுவிட்டான். தாத்தா கொடுத்தனுப்பினார் என்று மக்ரூன் கொடுத்தேன், டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லை. இனிப்பு அலுத்துவிட்டது போலிருக்கிறது. ஆக்டோபஸ் சாகப்போவதை அவனிடம் எப்படி மறைப்பது?

— பெயர் வேண்டாம், சான் டியாகோ

பதில்: சகோதரி, குட்டிமணி பிழைக்காது. முட்டையை எடுத்தாலும் பிழைக்காது, விட்டு வைத்தாலும் பிழைக்காது. அந்த இனத்துக்கு ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருஷம்தான். கடலில் பிடித்தது என்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு வரும்போதே அதற்குச் சில மாத வயதாவது ஆகியிருக்கும். மீதி விவரத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த மக்ரூன் டப்பா.

ஒன்பது வயசுப் பையன், தூத்துக்குடி மக்ரூனை, ஆறு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருக்கிறான். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்துச் சுட்ட பண்டம். ஒன்று தின்ற கையோடு டப்பாவை மூடப் பெரியவர்களுக்கே மனசு வராது. அலுத்துப் போயிருந்தால் இரண்டு தின்றுவிட்டு ஒதுக்கி வைத்திருப்பான். தொடவே இல்லை என்றால் சங்கதி வேறு. அது தாத்தா கொடுத்ததில்லை என்று தெரிந்து அவன் அதை வெறுத்திருக்கலாம். தாத்தா பேரைச் சொல்லி வந்த கடைசிப் பொருள் என்று பத்திரப்படுத்தியும் இருக்கலாம். எது என்பதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும். எதுவானாலும் தாத்தா இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இனிப்பு அலுத்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு எப்படி உங்களால் அடுத்த வரிக்குப் போக முடிந்தது?

“அவனும் கேட்பதை விட்டுவிட்டான்” என்று நிம்மதியாக எழுதுகிறீர்கள். இந்த மாதிரிக் கடிதங்களை வருஷக்கணக்கில் படிக்கிறேன். பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மாமா துபாய் போயிருக்கிறார், நாயைத் தோட்டக்காரர் வீட்டில் விட்டிருக்கிறோம். ஊர் மாறும், பொய் மாறும், எல்லாக் கடிதத்திலும் குழந்தை ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தியிருக்கும். அதைப் பெற்றோர் மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தைப் பேசினால் அம்மாவுக்கு முகம் மாறுகிறது, ஆகவே பேசக்கூடாது என்று குழந்தை முடிவு பண்ணியிருக்கும். உங்கள் மகன் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். மென்மையான மனசு அவனுக்கா, உங்களுக்கா?

இன்னொன்று கேட்கிறேன். தாத்தாவின் போன்தானே ரிப்பேர்? ஆச்சியிடம் போன் இல்லையா? உங்கள் அம்மா இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இருக்கிறார் என்றால், இந்தப் பொய்யைக் காப்பாற்ற அவரைப் பேரன் முகத்தில் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது. வீடியோவில் வந்தால் நெற்றியைப் பார்த்தே பையன் கண்டுபிடித்துவிடுவான், அல்லது அவரே வாய்விட்டு அழுதுவிடுவார். கணவனை இழந்து ஆறு மாதமான ஒரு பெண்ணுக்கு வேறு என்ன ஆறுதல் இருக்கிறது, பேரன் “ஆச்சி” என்று கூப்பிடுவதைத் தவிர? அதையும் நிறுத்திவிட்டீர்கள். மகனுக்காகச் செய்தேன் என்று சொன்னால் ஏற்கமாட்டேன்.

நம் பக்கம் தாத்தா இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை முடித்து வந்த உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாலு வயசுக் குழந்தைகூடப் பெரியப்பாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பிடிக்கும். பயந்து அழும், அப்புறம் பந்தியில் அப்பளம் கேட்கும். சடங்குகளில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. இது அந்தப் பட்டியலில் இல்லை. தாத்தாவின் சாவில் உனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று குழந்தையின் கையில் ஒன்றைக் கொடுப்பது பெரிய விஷயம். டிக்கெட் விலை, பள்ளிக்கூடம், விசா என்று பையனை அழைத்துப்போக முடியாமல் போயிருந்தால் அது வேறு. நீங்கள் அவனிடம் சொல்லவே இல்லை. அவன் பங்கை எடுத்துக்கொண்டீர்கள். வேறு யாருக்கோ நடந்தது போல ஆபீஸ் வேலை என்று போய்விட்டு வந்து, உங்கள் அப்பாவுக்காக உங்கள் வீட்டிலேயே நீங்கள் அழ முடியாமல் செய்துகொண்டீர்கள். ஆக்டோபஸை நினைத்து இப்போது வரும் அழுகையில் எவ்வளவு யாருக்கானது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி குட்டிமணி. நீங்கள் தண்ணீரையோ சாப்பாட்டையோ கவனிக்காததால் வந்தது இல்லை இது. ஆக்டோபஸுக்குக் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு, பார்வைச் சுரப்பி என்பார்கள். இனப்பெருக்கக் காலம் வந்ததும் அவை வேலையைத் தொடங்கும். பசி போய்விடும். ஜெரோம் வோடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், அடைகாக்கும் பெண் ஆக்டோபஸ்களுக்கு அந்தச் சுரப்பிகளை அறுத்தெடுத்துப் பார்த்ததை 1977இல் எழுதினார். அவை முட்டையை விட்டுவிட்டுத் தின்ன ஆரம்பித்தன, கூடுதலாக மாதக்கணக்கில் வாழ்ந்தன. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குட்டிமணியின் இனத்தையே எடுத்துக்கொண்டு, அந்தச் சுரப்பியில் கொலஸ்டிரால் தொடர்பான வேதிமாற்றங்கள் தலைகீழாகிவிடுவதைக் காட்டியது. ஆகவே முட்டையைப் பிடுங்கி எறிவதால் ஒன்றும் ஆகாது. சாவு முட்டையில் இல்லை, சுரப்பியில் இருக்கிறது.

ஆண் இல்லாமல் முட்டை எப்படி என்று கேட்டீர்கள். இணை சேராவிட்டாலும் முட்டையிட்டு அடைகாக்கும். ஆனால் கடலிலிருந்து வந்தது என்பதால், பிடிபடும் முன்பே இணை சேர்ந்திருக்கலாம், விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைக்கும் பிராணி அது. சில வாரத்தில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் அவை குஞ்சுகளின் கண்கள். தெரியாவிட்டால் வெறும் முட்டை. இந்த இனம் இரண்டிலிருந்து நான்கு மாதம்வரை அடைகாக்கும். உங்கள் மாநிலத்திலேயே மான்டரே கடலில், ஏறக்குறைய 1,400 மீட்டர் ஆழத்தில், வேறோர் இனத்துத் தாய் 2007 முதல் 2011 வரை 53 மாதம் ஒரே பாறையில் முட்டைகளோடு இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் உங்களுக்காக எழுதினேன். உங்கள் மகனுக்கு இதில் ஒன்றும் புதுசாக இருக்காது. நூலகத்தில் இருக்கும் ஆக்டோபஸ் புத்தகத்தையெல்லாம் படித்தவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாய் ஆக்டோபஸ் முட்டையிட்டபின் சாகும் என்பது எந்த ஆக்டோபஸ் புத்தகத்திலும் இருக்கும் சேதி. நீங்கள் போர்வையைப் போர்த்திய அன்றைக்கே அவனுக்கு விஷயம் புரிந்திருக்கும். அதைப் பற்றியும் உங்களிடம் கேட்கவில்லை, பார்த்தீர்களா?

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். இன்னொன்றை வாங்கி வைத்தால் பையன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பான். ஆக்டோபஸ் ஆள் அடையாளம் தெரிந்த பிராணி. சியாட்டில் மீன் காட்சியகத்தில் சோதித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள், ஒரே மாதிரி உடை போட்ட இரண்டு பேரில் தீனி கொடுத்தவர் யார், தொந்தரவு கொடுத்தவர் யார் என்று அது பிரித்துப் பார்த்தது. புதிதாக வந்தது பையனைக் கண்டு கண்ணாடிக்கு வராது, குகைக்குள் பதுங்கும். அது அவனைத் தெரியாது என்று சொல்லிவிடும். அன்றைக்கு உங்கள் மகன், இந்த வீட்டில் யார் செத்தாலும் சொல்லாமல் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்துகொள்வான். கணவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பிறந்தநாளுக்கு ஒன்றிரண்டு வருஷ ஆயுசுள்ள உயிரை வாங்குவதற்கு முன்பே அவர் ஒரு பக்கம் படித்திருக்கலாம். உங்கள் மாநிலத்தில் ஆக்டோபஸைச் சாப்பாட்டுக்காகப் பண்ணையில் வளர்க்கக் கூடாது என்று 2024இல் சட்டமே போட்டார்கள், அதன் அறிவையும் வலியையும் காரணம் காட்டி. பரிசுப் பொருளாகப் பார்ப்பதற்கு முன் அதையாவது யோசித்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. வருகிற சனிக்கிழமை, இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது, முதலில் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஆக்டோபஸைக் காட்டித் தாத்தாவுக்குப் போகாதீர்கள். ஒரு மனுஷனின் சாவுக்கு ஒரு கடல்பிராணியைத் துணைக்கு அழைக்க வேண்டாம். “தாத்தா இறந்துவிட்டார், உன்னிடம் பொய் சொன்னோம், அது தப்பு” என்று மூன்றையும் சொல்லுங்கள். சாமியிடம் போனார், தூங்குகிறார், நட்சத்திரமாகிவிட்டார் எல்லாம் வேண்டாம். எந்தத் தேதி, என்ன உடம்புக்கு, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்பான். தெரிந்ததைச் சொல்லுங்கள். கோபப்படுவான். படட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கே ஆச்சிக்கு வீடியோவில் போன் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போங்கள்.

அப்புறம் போர்வையை எடுத்துவிடுங்கள். குட்டிமணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மறுபடி அவன் கையில் கொடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, குகையைக் கிளறாமல் விட வேண்டும். தண்ணீர் சுத்தமாக, வழக்கமான குளிர்ச்சியில் இருக்கட்டும். இடுக்கியில் சின்ன நண்டுத் துண்டை நீட்டிப் பார்க்கலாம், வாங்காவிட்டால் துண்டு அழுகும் முன் எடுத்துவிட வேண்டும். மூடியை இறுக்கமாகப் போடுங்கள், கடைசி நாள்களில் இலக்கில்லாமல் அலையும், வெளியே வந்து தரையில் கிடக்கும். தோலில் வெள்ளைப் புண் வந்து ஆறாமல் இருக்கும், கண்ணைச் சுற்றித் தசை சுருங்கும், கை கால் ஒருங்காமல் போகும். ரொம்பவும் அவதிப்பட்டால் நீர்வாழ் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், மெக்னீசியம் குளோரைடு கலந்த கடல்நீரில் மயக்கி வலியில்லாமல் அனுப்ப முடியும். ஃப்ரீசரில் வைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முடிவை எடுக்கும்போது பையன் கூட இருக்கட்டும். முட்டையில் கண் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும், பிரித்து வளர்க்க வேண்டும், கடலில் கொண்டுபோய் விடக்கூடாது.

தாத்தாவின் முதல் வருஷத் திதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இப்போதே மூன்று டிக்கெட் போட்டுவிடுங்கள். கணவருக்கு லீவு கிடைக்காது என்றால் இரண்டு. தொட்டியை விற்பதாக இருந்தால், பையனைக் கேட்டுவிட்டு விற்கச் சொல்லுங்கள்.