நுவரெலியாவில் ஏன் பியர் தொழிற்சாலை வந்தது?

முக்கியமாக, குளிர்தான் காரணம். முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிக்க வைப்பதால் கிடைப்பது பியர். இதைத்தான் நொதித்தல் என்கிறோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும்.

சூடு கூடினால் ஈஸ்ட் அவசரப்படும், வேண்டாத வாசனை வந்துவிடும். தோசை மாவை நினைத்துப் பாருங்கள்: கொழும்பில் ஒரே இரவில் பொங்கிவிடும் மா, நுவரெலியாவில் மறுநாள் மதியம்வரை காக்க வைக்கும். ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கே பியர் தயாரிக்கத் தொடங்கியபோது குளிரூட்டும் இயந்திரம் ஏது? ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம் அந்த வேலையைச் செய்தது.

1980களில் நான் மலைநாட்டில் பியர் தயாரிக்கும் வேலை செய்தபோது, காற்றோட்டம் பார்க்காமல் வெறுமையான நொதித்தல் தொட்டிக்குள் இறங்க யாரையும் விடமாட்டோம். காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தேங்கி உயிரையே எடுத்துவிடும். வேலை பழக வரும் பொடியன்களுக்கு முதல் பாடமே இதுதான். எனக்கு அதைவிட முக்கியமான பாடம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

அப்புறம், பியரும் சாராயமும் ஒரே முறையில் செய்யப்படுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். புளித்த கள்ளைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடிப்பது சாராயம், பியரை அப்படி வடிப்பதே இல்லை.