கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்: காணாம போன ஜெர்மன் ஊமைப் படங்க

போன இதழ்ல நோஸ்ஃபெராட்டுங்கற ஜெர்மன் ஊமைப் படத்தைப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், இப்ப மேஜை பூரா அதே கேள்விதான். இந்தவாட்டி அரசியல் கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.

கோர்ட்டே எரிக்கச் சொன்ன படம்னு எழுதியிருந்தீங்க. அப்புறம் எப்படிங்க பேரனோட போன்ல ஓடுது, நான் முழுசா உக்காந்து பாத்தேனே?
- வாசகி, குன்னூர்

அம்மா, நல்லா புடிச்சீங்க. முர்னாவ்ங்கற ஜெர்மன் டைரக்டர் 1922ல எடுத்த படம் அது. டிராகுலா நாவலுக்கு உரிமை வாங்காம, டிராகுலாங்கற பேரை ஓர்லாக்னு மாத்திட்டு எடுத்துட்டாங்க. நாவல் எழுதின ஸ்டோக்கர் அப்ப உயிரோட இல்ல, ஆனா அவரு சம்சாரம் ஃப்ளோரன்ஸ் சும்மா விடல, கேஸ் போட்டு இழுத்தாங்க. கடைசில 1925ல நெகட்டிவ், காப்பி எல்லாத்தையும் அழிக்கணும்னு ஜெர்மன் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதுக்குள்ள காப்பிங்க வெளிநாட்டுக்குப் போயிருச்சு, வெளியூருக்குப் போன காப்பியை எந்த அமீனா போய் ஜப்தி பண்றது!

இதுல வேடிக்கை என்னன்னா, இதே முர்னாவ் 1920லயே இதே வேலையைப் பண்ணியிருக்காரு. ஒரே ஆளு நல்லவனாவும் கெட்டவனாவும் மாறற ஜெகில், ஹைடு கதையை எடுத்து பேரை மாத்தி டெர் யானுஸ்கோஃப்னு ஒரு படம். ரெட்டை வேஷம் கான்ராட் ஃபைட், கேமரா கார்ல் ஃப்ராய்ண்ட், பின்னாடி ஹாலிவுட்ல டிராகுலாவாவே நடிச்ச பேலா லுகோசி அதுல பட்லரா வர்றாரு. அந்தப் படத்தை யாரும் எரிக்கச் சொல்லல, ஆனா இன்னைக்கு ஒரு ரீல் கூட கிடையாது. சாவுன்னு தீர்ப்பு வந்தவன் நல்லா இருக்கான், தீர்ப்பே வராதவன் ஆளையே காணோம். முர்னாவ் எடுத்ததுல கிட்டத்தட்ட பாதி இப்படித்தான் போச்சு. இன்னொரு ஜெர்மன் டைரக்டர் ஃப்ரிட்ஸ் லாங்கோட முதல் படம் ஹால்ப்ளூட், 1919, அதுவும் இல்ல. பௌல் வெக்னர் கோலெம்னு மூணு படம் எடுத்தாரு, 1915ல வந்த முதல் படத்துல துண்டு துணுக்குதான் மிச்சம், 1917ல வந்தது சுத்தமா இல்ல, 1920ல வந்ததைத்தான் நாம பாக்கறோம்.

நான் எச்.பி.எஃப். பிலிம் கம்பெனில இருபது வருஷம் வேலை பாத்தவன். அவ்வளவு கெட்டிக்கார ஜெர்மன்காரன் படத்தைப் பத்திரமா வைக்கத் தெரியாமயா விட்டான்?
- வாசகர், ஊட்டி இந்து நகர்

அண்ணே, பிலிம் கம்பெனிலயே இருந்தவருக்கு நான் சொல்றதா! பிலிம்ல பூசற கலவைல வெள்ளி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், அதான் பல படத்துக்கு எமனா வந்துச்சு. 1929, 30ல பேசும்படம் வந்ததும் ஊமைப் படத்தைச் சீந்த ஆளில்ல, கிடங்கு வாடகை வேற, கழுவி வெள்ளியை எடுத்துட்டு மிச்சத்தைக் கடாசிட்டாங்க. நம்ம ஊர்ல பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடைக்குப் போடற மாதிரிதான். அடுத்தது, அந்தக் கால பிலிம் எல்லாம் நைட்ரேட்ங்கற, சட்டுனு தீ புடிக்கற சரக்குல செஞ்சது. தீ புடிச்சா தண்ணி ஊத்தினாலும் அணையாது, எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு. தீ புடிக்காட்டியும் தானா பிசுபிசுத்து கட்டியாகி கடைசில பழுப்புப் பொடியா உதிரும். இதுக்கு மேல நாஜிங்க சிலதை வேணும்னே அழிச்சாங்க, குண்டுவீச்சுல சிலது போச்சு. கெட்டிக்காரனா இருந்தும், காசுக்கு ஆகாத சரக்கை யாரும் பூட்டி வைக்கல.

ஜெர்மன் ஊமைப் படத்துக்கும் நமக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், கூடலூர்

இருக்கே. ம்யூனிக்காரர் ஃப்ரான்ஸ் ஆஸ்டன், நம்ம ஹிமான்ஷு ராய் கூடச் சேந்து இந்தியாலயே வந்து எடுத்த பிரேம் சன்யாஸ் (1925), ஷிராஸ் (1928), பிரபஞ்ச பாஷ் (1929) மூணுமே தப்பிச்சிருச்சு. நம்ம நடராஜ முதலியாரோட கீசக வதம், தென்னாட்டோட முதல் ஊமைப் படம், அதுதான் போச்சு.

காணாம போனது திரும்பக் கிடைச்ச கதை ஏதாச்சும் சொல்லுங்க சார்.
- கல்லூரி மாணவி, ஊட்டி

அதே ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த மெட்ரோபோலிஸ் படத்தோட கதைதான் பாப்பா, எத்தனை வாட்டி சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1927 ஜனவரில பெர்லின்ல ரிலீஸ், ரெண்டரை மணி நேரப் படம். ஓடலன்னு வெட்டினாங்க, அமெரிக்காவுக்குன்னு தனியா வெட்டினாங்க, கடைசில முழுப் படம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமயே போச்சு. ஆனா வெட்டறதுக்கு முன்னாடியே அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர் முழு காப்பியை வாங்கிட்டுப் போயிருந்தாரு. பல வருஷம் கழிச்சு ப்யூனஸ் ஏர்ஸ்ல பிலிம் கிளப் நடத்தின ஒரு பெரியவர் பேச்சுவாக்குல சலிச்சுக்கறாரு, "அந்தப் படத்தைப் போட்டப்ப பிலிம் சுருங்கிப் போய் துள்ளிக்கிட்டே இருந்துச்சுய்யா, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ப்ரொஜெக்டர்ல விரலை வச்சு அழுத்திக்கிட்டே நின்னேன்"னு. கேட்டவரு பெர்னாண்டோ பெஞ்ஞான்னு ஒரு சினிமா ஆராய்ச்சியாளர். மத்தவங்க ஐயோ பாவம்னு விட்டிருப்பாங்க, இவரு மனசுல கணக்கு போடறாரு: உலகத்துல இருக்கற காப்பி எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே! அந்த காப்பியைத் தேடி கைல எடுக்கறதுக்கு 2008 ஆயிருச்சு. அங்க சினிமா மியூசியத்துல 16 எம்எம் நகலா டப்பாக்குள்ள இருந்துச்சு, பூரா கீறல், மழை பெஞ்ச மாதிரி கோடு. அதுல இருந்து இருபத்தஞ்சு நிமிஷம் கிட்ட திரும்பக் கிடைச்சுது, எந்த ஷாட் எதுக்கு அப்புறம்னு அடுக்கறதுக்கு படத்தோட பழைய இசைக் குறிப்பு உதவுச்சு. ஊமைப் படத்துக்கு அப்ப தியேட்டர்ல ஆர்கெஸ்ட்ராவே வாசிப்பாங்க, தெரியுமா!

எங்க தாத்தா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டர். பரண்ல நாலு தகர டப்பா, உள்ள பிலிம், தொறந்தா ஊறுகா புளிச்ச வாடை. இந்த மாதிரி படம் எதுவும் இருக்குமா, வெடிச்சிருமான்னு வீட்ல பயப்படறாங்க.
- வாசகர், கோத்தகிரி

தம்பி, புளிச்ச வாடைன்னா பெரும்பாலும் நைட்ரேட்டுக்குப் பதிலா வந்த அசிடேட் பிலிம், வினிகர் வாடை அது, நைட்ரேட் மாதிரி குப்புனு புடிக்காது. ஓரத்துல சேஃப்டின்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கான்னு பாருங்க, ஸ்கேல் வச்சு அகலத்தை அளங்க, 16 எம்எம்னா நைட்ரேட் பயம் அனேகமா இல்ல. 35 எம்எம்மா இருந்து பிசுபிசுன்னு பழுப்பா பொடி உதிர்ந்தா மட்டும் கையே வைக்காம, அடுப்புப் பக்கம் கொண்டு போகாம, புனே பிலிம் ஆர்க்கைவுக்கு எழுதிக் கேளுங்க. ஜெர்மன் படம் இருக்கும்னு ஆசை காட்ட மாட்டேன், எம்.ஜி.ஆர். படத்துல ரெண்டாவது ரீலா இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனாலும் எடைக்குப் போட்டுறாதீங்க. நம்ம மலைல குளிர் பிலிமுக்கு நல்லது, ஈரம்தான் சத்ரு, ஆடி மாசம் என் புஸ்தக அலமாரிலயே பச்சையா பூசணம் ஏறுது, அதனால பரண்ல இருந்து இறக்கி காய்ஞ்ச எடத்துல வைங்க. மூடியை இறுக்கி அடைச்சா அந்த ஆவி உள்ளயே நின்னு இன்னும் சீக்கிரமா அரிக்கும், கொஞ்சம் காத்து போகட்டும். அப்புறம் தாத்தா இருக்காரான்னு எழுதல. இருந்தா எந்தப் படம் ஓட்டறப்ப ரொம்ப அவஸ்தைப்பட்டாருன்னு கேட்டு எழுதுங்க, டப்பா மேல சாக்பீஸ்ல எழுதியிருந்தா அதையும் அழிக்காம பாத்து எழுதுங்க.