கெட்ட கண் எது?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன வாரம் மத்தேயு 6:22, 23. ‘உன் கண் கெட்டதாயிருந்தால்’ என்பது கண் திருஷ்டிதான் என்கிறார்கள் பெரியவர்கள். கைப்பேசியில் கண்டதையும் பார்ப்பது என்கிறார்கள் இளையவர்கள். எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இரண்டும் இல்லை. வசன அட்டை படிப்பதுபோல் 22, 23ஐ மட்டும் உருவி எடுப்பதால் வரும் குழப்பம் இது. 19இலிருந்து 24 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். நடுவில் தலைப்பு அச்சிட்டிருந்தால் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்; அது பிற்காலத்தில் சேர்த்தது. முன்னால் பொக்கிஷம், பின்னால் உலகப்பொருள். இடையில் உள்ள கண்ணும் காசைப் பற்றித்தான் பேசுகிறது.

கொடுக்கிறவனை ‘நல்ல கண்ணன்’ என்றும் கொடாதவனைக் ‘கெட்ட கண்ணன்’ என்றும் சொல்வது எபிரெய வழக்கு. நீதிமொழிகள் 22:9இல் தரித்திரனுக்குத் தன் ஆகாரத்தில் கொடுப்பவன் நல்ல கண்ணன். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘கருணைக்கண்ணன்’. 23:6இல் மனமில்லாமல் ‘சாப்பிடு’ என்கிறவன் ‘வன்கண்ணன்’. உபாகமம் 15:9இல், கடனைத் தள்ளிவிடவேண்டிய ஏழாம் வருஷம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கைவிரிப்பவனுக்கும் இதே கண். மத்தேயு 6:22இல் ‘உன் கண் தெளிவாயிருந்தால்’ என்ற இடத்தில் வரும் கிரேக்கச் சொல் ‘ஹாப்ளூஸ்’. அதன் உறவுச் சொல்தான் 2 கொரிந்தியர் 8:2இல் ‘உதாரத்துவம்’.

‘வன்கண்’ எவ்வளவு அருமையான தேர்வு! குறள் 228இல் ஈயாமல் சேர்த்துவைத்து இழப்பவரை வள்ளுவர் ‘வன்கணவர்’ என்கிறார். எபிரெயச் சொல்லின் பொருளை அப்படியே தாங்கும் சொல் தமிழில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அடுத்து மத்தேயு 20:1–16, திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமை. உங்கள் பெண்களுக்கு விளக்கமே தேவைப்படாது. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே ‘பணம்’ என்பது தெனாரியம் என்ற வெள்ளிக்காசு, வயல்வேலைக்கு ஒரு நாள் கூலி. மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். ஆகவே கடைசி ஆட்கள் வேலைக்கு வந்த பதினோராம் மணி என்பது மாலை 5. ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுக் கூலி. முணுமுணுத்தவனிடம் எஜமான் கேட்பது: ‘நீ வன்கண்ணனாயிருக்கலாமா?’ கிரேக்கத்தில் 6:23இல் வரும் அதே ‘கெட்ட கண்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இந்த இடம் ‘பொறாமையா?’ என்றிருக்கும். கருத்துச் சரி, ஆனால் கண் மறைந்துவிட்டதால் இரண்டு இடங்களுக்கும் உள்ள தொடர்பு தெரியாமல் போகும். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் திறந்து வையுங்கள்.

பெரியவர்களை மறுத்துவிட வேண்டாம். திருஷ்டி பயம் அந்த நாட்டிலும் இருந்தது; கலாத்தியர் 3:1இல் ‘மயக்கினவன் யார்’ என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் கண்வைப்பதற்கும் வழங்கிய சொல்தான். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்றும் அன்று பலர் நம்பினார்கள். 22இல் கண்ணைச் சரீரத்தின் விளக்கு என்றது அதனால்தான் பொருந்தியது. 22ஐ எடுக்கும்போது பெரியவர்களையே முதலில் பேசவிட்டு, பிறகு 19ஆம் வசனத்துக்குப் போங்கள்.