டாம்கேட் தொடங்கும்போதே கோப்புப் பாதையை அறிவது எப்படி?

கேள்வி: ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள மொத்த மளிகைக் கடை ஒன்றுக்கு ஜாவாவில் பில் போடும் வலைச் செயலி எழுதியிருக்கிறேன். அதை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட் தொடங்கும்போதே பில் வார்ப்புருவைப் படித்து வைக்க வேண்டும். மடிக்கணினியில் ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் கோப்பு இல்லை என்கிறது. செயலி எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித் திறந்தால் ஜாவா உங்கள் செயலியின் கோப்புறையைப் பார்க்காது. டாம்கேட்டை எங்கிருந்து தொடங்கினோமோ அந்தக் கோப்புறையில்தான் தேடும். மடிக்கணினியில் அது தற்செயலாகப் பொருந்தியிருக்கும்.

செயலி எழும் தருணத்தைப் பிடிக்க ‘சர்வ்லெட் காண்டெக்ஸ்ட் லிசனர்’ இருக்கிறது. அதன் ‘காண்டெக்ஸ்ட் இனிஷியலைஸ்ட்’ மெத்தட், கோரிக்கைகளைக் கையாளும் ஃபில்டர்களும் சர்வ்லெட்டுகளும் எழுவதற்கு முன்பே அழைக்கப்படும். டாம்கேட் 10 முதல் இந்த வகுப்புகள் ‘ஜாவாஎக்ஸ்’ பொதியிலிருந்து ‘ஜகார்த்தா’ பொதிக்கு மாறிவிட்டன. பழைய இம்போர்ட் வரி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அங்கே கிடைக்கும், செயலியின் விவரங்களைத் தரும் பொருளான காண்டெக்ஸ்டிடம் ‘கெட் ரியல் பாத்’ கேட்டால் வட்டில் உள்ள முழுப் பாதை வரும். கொடுக்கும் பெயர் சாய்வுக்கோட்டில் தொடங்கட்டும். ஆனால் வார் கோப்பை, அதாவது செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பை, பிரிக்காமல் அப்படியே ஓடவிடும் சர்வர்களும் உண்டு. டாம்கேட்டிலேயே அப்படி அமைக்கலாம். அப்போது வட்டில் பாதை என்று ஒன்றே கிடையாது, ‘நல்’ எனும் வெற்று மதிப்புதான் வரும்.

உங்களுக்குப் பாதையே தேவையில்லை என்பது என் எண்ணம். வார்ப்புருவை ‘வெப்-இன்ஃப்’ கோப்புறைக்குள் வையுங்கள், வெளியிலிருந்து உலாவியில் யாரும் திறக்க முடியாது. பிறகு அதே காண்டெக்ஸ்டிடம் ‘கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம்’ என்று கேளுங்கள். வார் கோப்பு பிரிந்திருந்தாலும் பிரியாவிட்டாலும் உள்ளடக்கம் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். உருவாகும் பில்களையும் செயலியின் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். புதிய வார் கோப்பை ஏற்றும்போது டாம்கேட் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரிக்கும், பில்களும் கூடவே போய்விடும். மலேசிய வருமான வரிச் சட்டப்படி வணிக ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் நம்மை நம்பிக் கொடுத்த கணக்கு அது.

சேமிப்புக்கு வெளியே தனிக் கோப்புறை போடுங்கள். அதன் பாதையை நிரலுக்குள் எழுதாமல், வெளியிலிருந்து இயங்குதளம் வழியாகத் தரும் சூழல் மாறியாகக் கொடுங்கள், மடிக்கணினிக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். லிசனரிலேயே அதில் எழுத முடிகிறதா என்று சோதித்து, முடியாவிட்டால் எக்செப்ஷன் வீசி செயலியை எழவிடாமல் நிறுத்துங்கள். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது தெரிவதைவிட அப்போதே தெரிவது நல்லது.

உபுண்டுவின் டாம்கேட் 9 பொதியைப் பயன்படுத்தினால், கோப்புறைக்கு அனுமதி கொடுத்த பிறகும் ‘படிக்க மட்டும்’ என்ற பிழை வரலாம். டாம்கேட் போன்ற சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி என்ற மென்பொருள்; அந்தப் பொதியின் சிஸ்டம்டி அமைப்பு, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே டாம்கேட்டை எழுத விடுகிறது. ‘ரீட் ரைட் பாத்ஸ்’ வரியில் உங்கள் கோப்புறையையும் சேர்த்து, சிஸ்டம்டி அமைப்பை மீண்டும் ஏற்றிவிட்டு டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள்.